ஓதுவார் பாட்டும் புது வாத்தியக் குழுவும் ஒரே மேடையில்: வரிசையை எப்படி வைப்பது?

குடமுருட்டி (இழையைத் தொடங்கியவர்), திங்கள் இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு பேர் சேர்ந்து இரண்டு வருஷமாகப் புது உருப்படிகள் எழுதி வாசித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வயலின், வீணை, செல்லோ, கிளாரினெட், தவில். கீர்த்தனையும் கிடையாது, சினிமாப் பாட்டும் கிடையாது. ஒவ்வொன்றும் எட்டு நிமிஷத்திலிருந்து பதினைந்து நிமிஷம் வரை போகும். மாசிக் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு பழைய சத்திரத்து முற்றத்தில் சாயங்காலக் கச்சேரி. 150 நாற்காலி போடலாம். எங்களோடு ஒரு ஓதுவார் ஐயாவும் தேவாரம் பாடச் சம்மதித்திருக்கிறார்.

ஆடி மாதம் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் வெள்ளோட்டம் பார்த்தோம். முதல் பாதி ஐயா, இடைவேளை, அப்புறம் நாங்கள். ஐயாவைக் கேட்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்களைக் கேட்க வந்த பையன்கள் இடைவேளைக்குத்தான் பைக்கை நிறுத்தினார்கள். அரிசி மில்லில் ஷிப்ட் மாறுகிற மாதிரி இரண்டு கூட்டமும் வாசலில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே கடந்து போயின.

அதனால் இந்தத் தடவை மாற்றி மாற்றி வைக்க நினைக்கிறேன். ஐயா சம்பந்தருடைய முதல் பதிகத்தை நட்டபாடைப் பண்ணில் (பண் என்றால் தேவாரத்தின் பழைய ராகம்) ஆரம்பிப்பார், அடுத்து எங்கள் உருப்படி ஒன்று, திரும்ப ஐயா. ஐயாவின் குரலுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம், சுருதிகூட வேண்டாம், வெறும் குரல்தான் என்பது என் ஆசை. ஆனால் ஐயா ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லி வாயை மூடிய பத்தாவது விநாடி கிளாரினெட் ஊதினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பின்வரிசை, திங்கள் இரவு 10:02

மன்னார்குடியிலேர்ந்து ஒரு சாதாரண ரசிகன். கோவிச்சுக்காதீங்க. ரெண்டையும் ஏன் சேர்க்கணும்னு முதல்ல சொல்லுங்க. தேவாரத்துக்கு ஏற்கெனவே ஒரு மரியாதை இருக்கு. அதைக் கேட்டு உருகி உட்கார்ந்திருக்கிறவன் முன்னாடி உங்க புது உருப்படியை வச்சா, எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் கூச்சத்தை நீங்க ரசனைன்னு எண்ணிக்குவீங்க. தனியா ஒரு கச்சேரி வச்சு எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்க்கிற தைரியம் இருக்கா?

நாலுதந்தி, திங்கள் இரவு 11:35

அந்தக் குழுவில் செல்லோ வாசிப்பது நான்தான். பின்வரிசை அண்ணா, தனியாக வைத்தோம். 31 பேர் வந்தார்கள். அதில் 9 பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

கேள்வி நியாயமானது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஐரோப்பாவில் இடைக்காலப் பாட்டையும் இன்றைய குழு இசையையும் ஒரே நிகழ்ச்சியில் வைப்பது இப்போது சர்வசாதாரணம். அங்கே அதற்கு ஒரு குடும்பக் கதை இருக்கிறது. போன நூற்றாண்டில் எழுத வந்தவர்களில் பலருக்குத் தங்களுக்கு நேர் முன்னால் இருந்தவர்களின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவும் பெரிய கண்ணீரும் ஒத்துவரவில்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கொள்ளுத்தாத்தா வீட்டுக்குப் போய்விட்டார்கள். எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட் 1970-களின் முதல் பாதியில் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டுப் பழைய தேவாலயப் பாட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். 1976-ல் திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது மிகச் சின்ன விஷயம்: ஒரு குரல் ஸ்வரம் ஸ்வரமாக ஏறி இறங்கும், இன்னொரு குரல் மூன்றே ஸ்வரங்களுக்குள் மணி அடிக்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும்.

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் 12-ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் பெரோத்தன் என்றொருவர் இருந்தார். ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த ஒரு பாட்டின் ஒரே அசையை எடுத்து, சுருதி மாதிரி நிமிஷக்கணக்கில் இழுத்துப் பிடித்து, அதன் மேல் மூன்று குரல்களைக் கணக்காக ஆடவிட்டவர். அமெரிக்காவின் ஸ்டீவ் ரைஷ் 1995-ல் ஐந்து குரல், இரண்டு வைப்ரபோன், இரண்டு மின் ஆர்கனுக்கு எழுதிய உருப்படி நேராக அந்தப் பெரோத்தனிடம் பாடம் கேட்டது. இன்னொன்று, 14-ஆம் நூற்றாண்டில் மாஷோ எழுதிய ‘ஹோக்கெட்’. அந்தச் சொல்லுக்கே விக்கல் என்றுதான் பொருள். ஒரு மெட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு ஸ்வரம் இவர், அடுத்த ஸ்வரம் அவர். 1976-ல் டச்சுக்காரர் லூயி ஆந்த்ரீசன் அதே விக்கலை வைத்து, ஒரே மாதிரி வாத்தியங்கள் கொண்ட இரண்டு குழுக்களை மேடையின் இரண்டு பக்கமும் நிறுத்தி எழுதினார். நாங்கள் இரண்டு வயலினுக்கு எழுதியிருப்பதும் விக்கல்தான். கேட்டவர்கள் நாகசுரத்தில் இரட்டையர் வாசிப்பு ஞாபகம் வருகிறது என்றார்கள்.

இவற்றையெல்லாம் பக்கத்தில் வைத்துக் கேட்டால், பழையது புதியதற்குப் புண்ணியம் கடன் கொடுக்கிற மாதிரி இருக்காது. இரண்டிலும் ஒரே தச்சு வேலை தெரியும். அப்படித் தெரியாவிட்டால் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. 1994-ல் வந்த ஒரு இசைத்தட்டில் நான்கு ஆண் குரல்கள் பழைய லத்தீன் பாட்டைப் பாட, அதற்கு மேலேயே சாக்ஸபோன் அலைந்துகொண்டிருக்கும். லட்சக்கணக்கில் விற்றது. எனக்கும் பிடிக்கும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நம் முற்றத்தில் அது வேண்டாம்.

கைத்தாளம், செவ்வாய் காலை 6:10

அன்பர்களுக்கு வணக்கம். மேலே சொல்லப்படும் ஓதுவார் ஐயாவிடம் 11 ஆண்டுகளாகத் திருமுறை பயில்கிறேன். சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, நட்டபாடை பகற்பண். மாலை ஆறரை மணிக்கு அதை எடுக்கச் சொன்னால் ஐயா மறுக்க மாட்டார், ஆனால் மனத்துக்குள் வருந்துவார். இரவுக்குரிய பண்கள் நிறைய உள்ளன: சீகாமரம், கொல்லி, வியாழக்குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி, குறிஞ்சி, அந்தாளிக்குறிஞ்சி. அவற்றிலிருந்து தெரிந்தெடுங்கள்.

இரண்டாவது, பாடும் முறையில் சுத்தாங்கம், பண்ணாங்கம் என இரண்டு உண்டு. சுத்தாங்கம் தாளக்கட்டு இல்லாமல் சொல்லின் போக்கில் பண்ணை விரிப்பது. பண்ணாங்கம் தாளத்தோடு வருவது. எந்தப் பதிகம் எந்த முறையில் என்பதை முன்பே சொல்லிவிட்டால் பக்கத்தில் வரும் புது இசையை நீங்கள் அதற்கேற்ப அமைக்கலாம். பதிகத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். சம்பந்தர் பதிகம் என்றால் பெரும்பாலும் 11 பாடலும் சேர்ந்தால்தான் பதிகம். கடைசிப் பாடலில் அவர் தம் ஊரையும் பேரையும் சொல்லி முத்திரை வைக்கிறார். அதை விடுவது கடிதத்தில் கையெழுத்தைக் கிழிப்பது போல.

மூன்றாவது, குரலும் கருவியும் போட்டி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு கதை உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று பதிகங்களை யாழில் வாசித்தவர். அவர் வாசிப்பதால்தான் பதிகம் சிறக்கிறது என்று அவருடைய சுற்றத்தார் பேச, அவர் மனம் நொந்து, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளுமாறு சம்பந்தரிடமே வேண்டினார். திருத்தருமபுரத்தில் அப்படி ஒரு பதிகம் பிறந்தது. யாழ் திணறியது. பாணர் கருவியை உடைக்கவே ஓங்கிவிட்டார். அந்தப் பண்ணுக்கு யாழ்முறி என்றே பெயர். இன்று அடாணாவில் பாடுகிறோம். (அந்தத் தருமபுரம் காரைக்கால் பக்கத்தில் இருப்பது. மயிலாடுதுறை ஆதீனத் தருமபுரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள்.)

‘இடைக்காலப் பாட்டு’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ஐயா நேற்றுச் சாயரட்சையிலும் பாடினார்.

பின்வரிசை, செவ்வாய் காலை 7:45

கைத்தாளம் ஐயா, கடைசி வரி சூப்பர். 9 சொந்தக்காரங்க விஷயத்துல நான் தோத்துட்டேன்.

வலந்தலை, செவ்வாய் பகல் 1:15

அண்ணே, நம்ம தவில். மூணு நாளா கல்யாண சீசன், இப்பத்தான் போனைப் பாக்குறேன்.

தங்கச்சி சொன்ன தச்சு வேலைக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கு. சீர்காழியில சம்பந்தர் பாடின திருவெழுகூற்றிருக்கை. தேர் மாதிரி எண்ணால அடுக்கினது. ஒண்ணு ரெண்டு ஒண்ணு. அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு ரெண்டு ஒண்ணு. இப்படியே ஏழு வரைக்கும் ஏறி இறங்கும். அதுவும் வியாழக்குறிஞ்சிதான், ராத்திரிப் பண், கைத்தாளம் தம்பிக்கு ஆட்சேபணை வராது.

கல்யாண வீட்டுல தாலி கட்டுற நேரம் தள்ளிப்போயிட்டே இருந்துச்சு, உட்கார்ந்து கூட்டிப் பாத்தேன். 1+2+1 நாலு. அடுத்தது 9. அடுத்து 16, 25, 36, 49. எல்லாம் வர்க்க எண்ணு பாருங்க. கடைசி அடுக்கை ஒரு தடவை மட்டும் எடுத்துக்கிட்டா மொத்தம் 139 அட்சரம். ஆதி தாளம் சதுஸ்ர நடையில ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தோட ஒரு சுத்துக்கு) 32, அஞ்சு ஆவர்த்தனம் 160. 160-ல 139 போனா மிச்சம் 21. இருபத்தொண்ணு என்ன? ஏழு மூணு தடவை! ‘த, தி, கிணதொம்’னு ஏழு ஏழா மூணு வச்சா தீர்மானம் சமத்துல, அதாவது தாளம் தொடங்குற இடத்துல, வந்து விழுது. ஒரு அட்சரம் கூட இழுக்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. பக்கத்துல நாகசுரக்காரர் என்னடா தனியா சிரிக்கிறேன்னு கேட்டாரு.

இன்னொரு சங்கதி. சபையில சொல்றேனேன்னு நினைக்காதீங்க. ஐயாவுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு, மெட்ராஸ்லேர்ந்து வர்ற கிளாரினெட்டுக்கு எவ்வளவுன்னு முதல்ல பேசிடுங்க. போன தடவை பேசாம விட்டதுல எனக்கு மட்டும் இல்ல, ஐயாவுக்கும் சங்கடம்.

குடமுருட்டி, செவ்வாய் பகல் 2:40

வலந்தலை அண்ணே, கணக்கைப் பார்த்ததும் பேப்பர் எடுத்து நானும் கூட்டினேன். 160-தான். இது உருப்படியாகிறது, பேச்சே இல்லை.

பண விஷயம் என் தப்பு. கிளாரினெட்டுக்கு ரயில் டிக்கெட், தங்குமிடம் என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன்.

அரிசிலாறு, செவ்வாய் மாலை 5:30

இதற்குப் பதில் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறதே. ராஜராஜன் தஞ்சைக் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, 48 பிடாரர்களை நியமித்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் நெல் முக்குறுணி. பாடுகிறவருக்கும் அதே அளவு, உடுக்கைக்கும் அதே அளவு. குடமுருட்டி, நீங்கள் ஆயிரம் வருஷம் பின்தங்கியிருக்கிறீர்கள்!

நான் குடந்தையில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், வரலாறு படித்தவள். எது பழசு என்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். தேவாரம் பாடப்பட்டது 7, 8-ஆம் நூற்றாண்டுகளில். ஏடுகள் தில்லையில் கிடைத்து நம்பியாண்டார் நம்பி தொகுத்தபோது சொல் இருந்தது, பண் போயிருந்தது என்றுதான் மரபே சொல்கிறது. பண்ணை மீட்டுத் தந்தவர் ஒரு பெண். யாழ்ப்பாணர் மரபில் பிறந்தவர், திருஎருக்கத்தம்புலியூர்க்காரர். பேரை யாரும் எழுதிவைக்கவில்லை. இன்று கொல்லியை நவரோஸில் பாடுகிறோம், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியில் பாடுகிறோம். ஒவ்வொரு தலைமுறையும் தன் காதுக்கு ஏற்பத் தொட்டுத்தான் கொடுத்திருக்கிறது.

ஐரோப்பாவிலும் இந்தச் சிக்கல் உண்டு, வேறு மாதிரி. 12-ஆம் நூற்றாண்டில் பிங்கன் ஊர் ஹில்டகார்ட் என்ற துறவி எழுதிய பாட்டுகளுக்கு ஸ்வரக் குறிப்பு ஏட்டில் இருக்கிறது, எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் என்பது இல்லை. அந்த நீளத்தை இன்று பாடுகிறவர்தான் முடிவு செய்கிறார். அங்கே காகிதம் பிழைத்தது, பாடுகிற வழக்கம் நடுவில் அறுந்துபோய்ப் பிறகு நூலகத்திலிருந்து தூசி தட்டி எடுத்தார்கள். இங்கே ஸ்வரம் எழுதிய காகிதம் இல்லை, ஆனால் பண்ணை மீட்ட பிறகு தொண்டை அறுபடவில்லை. அதனால் அந்த ஊர்க் கச்சேரி வரிசையை அப்படியே இங்கே எடுத்து ஒட்டினால் ஏதாவது ஒரு மூலையில் பிசிறு வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மூலை என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

செல்லோ, கிளாரினெட் எல்லாம் தேவாரத்துக்குப் பக்கத்தில் எதற்கு என்று இன்னும் யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். வயலினைக் கையில் எடுத்த பாலுசாமி தீட்சிதர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி. தஞ்சை நால்வரில் வடிவேலுவும் வயலின் வாசித்தவர். சதிர்க் கச்சேரியில் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட் வந்து உட்கார்ந்ததும் நம் பக்கத்தில்தான்.

பழைய வாத்தியார், செவ்வாய் இரவு 8:50

எல்லாப் பிள்ளைகளும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், கத்தோலிக்கன். இடைக்கால ஐரோப்பியப் பாட்டு என்றதும் ஏதோ பாரிஸ், ஜெர்மனி என்று போகிறீர்கள். அது எங்கள் ஊரில் களத்துமேட்டுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

வத்திக்கான் சங்கம் 1962-லிருந்து 1965 வரை கூடியது. அதற்கு முன்பு பூசை முழுக்க லத்தீன்தான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பூசை. உபதேசியார் ஆர்மோனியத்தை மிதிப்பார், நாங்கள் ஏழெட்டுப் பையன்கள் பின்னால் நிற்போம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ‘கீரியே எலெய்சோன்’ என்பதில் கீரிப்பிள்ளைக்கு என்ன வேலை என்று என் தம்பி கேட்டு அடி வாங்கினான். அது லத்தீன்கூட இல்லை, கிரேக்கம் என்று எனக்குத் தெரிய நாற்பது வயது ஆயிற்று.

சாவு வீட்டுப் பூசைக்கு ‘தியேஸ் ஈரே’ பாடுவார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பாடியது. என் தாத்தாவை அடக்கம் செய்த அன்று அதை நான் பாடினேன். தீர்ப்பு நாளைப் பற்றிய பாட்டு. வெளியே பறை, உள்ளே இது. இரண்டுக்கும் நடுவில் வாசற்படி மட்டும். இப்போது நீங்கள் ஒரே மேடையில் எப்படி வைப்பது என்று கேட்கிறீர்கள், அன்றைக்கு யாரும் யோசித்து வைக்கவில்லை, தானே அமைந்தது.

அதன் தொடக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிற்பாடு கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றபோது ஸ்வரம் போட்டுப் பார்த்தேன்: க ரி க ஸ, ரி நி ஸ ஸ. கரகரப்பிரியா ஸ்வரம்தான். கமகம் கிடையாது, படிக்கட்டு இறங்குகிற மாதிரி நேராக வைக்க வேண்டும்.

ஒரு பெயரை நீங்கள் யாரும் சொல்லவில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். வைத்தியர், கிறிஸ்தவர். 1912-ல் சொந்தச் செலவில் தஞ்சாவூரில் சங்கீத மாநாடு கூட்டினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டு, ஸ்தாயிக்கு 22 சுருதி என்றவர்களோடு மல்லுக்கு நின்று 24 என்று வாதாடினார். பண்ணைப் பற்றி இன்று பேசுகிற யாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாலுதந்தி, செவ்வாய் இரவு 9:15

வாத்தியார் ஐயா, அந்தப் பாட்டை நீங்களே வந்து பாடுவீர்களா? தயவுசெய்து. பக்கத்தில் எதுவும் வாசிக்க மாட்டோம்.

பழைய வாத்தியார், செவ்வாய் இரவு 9:40

எனக்கு 74. மேல் ஸ்தாயி போய்விட்டது. கீழே இன்னும் இருக்கிறது. ஓதுவார் ஐயாவுக்குச் சம்மதம் என்றால் யோசிக்கிறேன்.

குடமுருட்டி, ஞாயிறு இரவு 10:30

இன்று ஒத்திகை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கைத்தாளம் சொன்னபடி நட்டபாடையை விட்டுவிட்டு, ஐயா மேகராகக்குறிஞ்சியில் சம்பந்தருடைய திருவையாற்றுப் பதிகம் எடுத்தார். 11 பாடலும் சுத்தாங்கமாக. நான் ஆசைப்பட்டபடி சுருதிப்பெட்டியை அணைத்து வைத்தோம், தம்புராவும் இல்லை. வெறும் குரல். முற்றத்துக் கல்லில் பட்டு வந்தது. மூன்றாவது பாடலில் எங்கள் வீணைக்காரர் கண்ணைத் துடைத்தார்.

திட்டம் என்னவென்றால், ஐயா முடிக்கிற ஸட்ஜத்தைச் செல்லோ மெதுவாகத் தொட்டுப் பிடித்துக்கொள்ளும், அங்கிருந்து எங்கள் உருப்படி கிளம்பும். ஐயா ஒரு கட்டைச் சுருதியில் ஆரம்பித்தார். செல்லோவின் கீழ்த் தந்திகள் இரண்டும் இயல்பாகவே ஒரு கட்டைக்கு ஸட்ஜம், பஞ்சமம். இதைவிட வாகாக அமையாது என்றிருந்தோம். பதினோராவது பாடல் முடிந்து ‘திருச்சிற்றம்பலம்’ சொன்னார், செல்லோ தொட்டது. கோவென்று ஒரு அபஸ்வரம். ஐயா ஒன்றரைக் கட்டைக்கு வந்திருந்தார்! 20 நிமிஷத்தில் அரைக் கட்டை ஏறியது எங்கள் ஒருவருக்கும் காதில் படவில்லை. ஐயா சிரித்துவிட்டார், ஆனால் முகம் சுண்டிவிட்டது. எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

நாலுதந்தி, ஞாயிறு இரவு 10:55

துணைச் சுருதி இல்லாமல் நீளப் பாடினால் உலகத்தில் யாருக்கும் நகரும். ஐரோப்பாவில் தேர்ந்த கோரஸ்கூட நகரும், பெரும்பாலும் கீழே. ஐயா மேல் தப்பே இல்லை. கீபோர்டில் சுருதி வைக்கலாமா என்று கிளாரினெட் அண்ணா கேட்டார், வேண்டாம் என்றேன். கீபோர்டின் அந்தர காந்தாரம் தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிட 14 சென்ட் தூக்கலாக இருக்கும். ஒரு அரை ஸ்வரம் 100 சென்ட். ஐயா காதுக்கு அது மணலைக் கடித்த மாதிரி இருக்கும்.

கைத்தாளம், திங்கள் காலை 5:50

இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், பெரியவர்கள் முன் பேசத் தயங்கினேன். ஐயா சுருதி இல்லாமல் பாடுபவரே அல்லர். சன்னதியில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், கையில் தாளம் இருக்கும். அவருடைய ஆசிரியர் காலத்தில் மிதிக்கும் சுருதிப்பெட்டி. வெறும் குரல் என்பது நீங்கள் கேட்டது. ‘அவங்களுக்கு அப்படித்தான் வேணும்போல’ என்று அவரும் இசைந்தார்.

அரிசிலாறு, திங்கள் காலை 8:20

அந்த மூலை இதுதான். இசைத்தட்டில் ஐரோப்பியத் துறவிகள் கல் மண்டபத்தில் வெறும் குரலில் பாடுவதைக் கேட்டுப் பழகிய காது, பழசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டது. நேற்றுச் சாயரட்சையில் பாடிய மனிதரை நாம்தான் உட்காரவைத்துப் பழசாக்கியிருக்கிறோம். நானும் அந்த ஒத்திகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ‘ஆகா’ என்றவள்தான்.

குடமுருட்டி, திங்கள் காலை 9:05

ஒப்புக்கொள்கிறேன். இன்று சாயங்காலம் ஐயா வீட்டுக்குப் போய் நேரில் கேட்கிறேன், அவருக்கு எப்படிப் பாட வேண்டும் என்று. இத்தனை நாளாக அதைத்தான் கேட்கவில்லை.

வலந்தலை, திங்கள் பகல் 12:30

சுருதியை வச்சுட்டா நகராது, சரி. ஆனா ஐயா முடிச்ச உடனே தந்தி வாத்தியம் வர்றது எனக்கு ஒத்திகையிலேயே ஒப்பலை. சுருதி சேர்ந்திருந்தாலும் ஒப்பிருக்காது. அவர் குரல் காதுல இருக்கும்போது இன்னொரு ஸ்வரம் கேட்டா, மனசு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும். யாழ்ப்பாணர் கதைதான்.

ஸ்வரமே இல்லாத வாத்தியம் ஒண்ணு உங்க கையில இருக்கே? அந்தத் திருவையாத்துப் பதிகத்துலயே இருக்கு அண்ணே. பொண்ணுங்க வலம் வந்து ஆடறாங்க, முழவு அதிருது. அதை இடின்னு நினைச்சு மந்தியெல்லாம் பயந்து மரத்துல ஏறி மேகம் வந்திருக்கான்னு பாக்குது. முழவுச் சத்தத்தை மழைன்னு நம்புற குரங்கு! இதைப் பாடினவர் தவில்காரன் மனசு தெரிஞ்சவர். பதிகம் முடியட்டும், ஐயா திருச்சிற்றம்பலம் சொல்லட்டும், நான் எங்கேயோ தூரத்துல இடிக்கிற மாதிரி ஆரம்பிக்கிறேன். விரல்ல கூடு மாட்ட மாட்டேன், கம்பு எடுக்க மாட்டேன், வெறும் விரல். அந்த முற்றத்துல கூடு மாட்டி அடிச்சா முன்வரிசை காது போயிடும். அஞ்சு நிமிஷம் கழிச்சு நீங்க எங்கேர்ந்து வேணா கிளம்புங்க.

கைத்தாளம், செவ்வாய் காலை 6:05

நேற்று குடமுருட்டி அவர்கள் வந்தபோது உடனிருந்தேன். ஐயா சொன்னவற்றை அவர் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

தம்புரா தொடக்கம் முதல் முடிவு வரை நிற்காமல் ஒலிக்க வேண்டும், ஒரு கட்டையில். மற்றவர்கள் வாசிக்கும்போதும் நிறுத்த வேண்டாம், அவர்களுக்கு வேண்டாமென்றால் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். தவில் யோசனையைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். ‘பாட்டுக்குள்ளயே முழவு இருக்கு, பின்ன என்ன’ என்றார். திருவெழுகூற்றிருக்கையை ஓதிய பிறகு 160 கணக்கை வாசிக்கட்டும், ஆனால் ஓதும்போது நடுவில் வேண்டாம். கைதட்டலைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை, தட்டினால் தட்டட்டும், தட்டக்கூடாது என்று அறிவிப்பு எதுவும் செய்ய வேண்டாம் என்றார்.

வாத்தியார் ஐயாவின் லத்தீன் பாட்டைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டோம். சிறு வயதில் அவர் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் மாதா கோயிலாம். ‘அந்தப் பாட்டை ஜன்னல்ல நின்னு கேட்டிருக்கேன். கேட்டு அறுபது வருஷம் ஆச்சு. வந்து பாடச் சொல்லு’ என்றார். தாமும் கொல்லிப்பண்ணில் அப்பர் சுவாமிகளின் முதல் பதிகம், சூலை நோய் கூற்றுவனைப் போல் வருத்தியதைச் சொல்வது, பாடுகிறேன் என்றார்.

நாலுதந்தி, செவ்வாய் காலை 8:40

சாவுப் பாட்டுக்குப் பக்கத்தில் கூற்றுவனைப் போல் வந்த நோயின் பாட்டு. தச்சு வேலை ஒற்றுமை என்று நான் கட்சி கட்டினேன், கடைசியில் பொருள் ஒற்றுமையில் வந்து நிற்கிறது. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்பதை நான் கேட்க வேண்டும், அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

குடமுருட்டி, செவ்வாய் இரவு 9:30

வரிசை முடிவாகிவிட்டது. இடைவேளை இல்லை, காபி கடைசியில். ஆறரைக்கு ஐயா கொல்லியில் தொடங்குவார். அவர் உட்கார்ந்திருக்கும்போதே முற்றத்தின் எதிர்த் தாழ்வாரத்திலிருந்து வாத்தியார். பிறகு இரண்டு வயலின் விக்கல் உருப்படி, நாங்களும் எதிரும் புதிருமாக நிற்போம். அடுத்து திருவெழுகூற்றிருக்கை, தவில் தனியாக அஞ்சு ஆவர்த்தனம், அதையே ஆறு பேருக்குமாக எழுதி எடுத்துப் போகிறோம். கடைசியாகத் திருவையாற்றுப் பதிகம் 11 பாடலும், தூரத்து இடி, அதிலிருந்து எங்கள் நீள உருப்படி. முடிக்கும்போது வழக்கப்படி ‘வான்முகில்’ வாழ்த்தை ஐயா சொல்ல எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். பணம் எட்டுப் பேருக்கும் ஒரே தொகை. ரயில் டிக்கெட் தனிக் கணக்கு. ஐயாவிடமும் சொல்லியாயிற்று.

பின்வரிசை, செவ்வாய் இரவு 9:50

எத்தனை மணிக்கு முடியும்? எனக்கு மன்னார்குடி பஸ் பிடிக்கணும். கேள்வி கேட்ட பாவத்துக்கு டிக்கெட் வாங்கிட்டேன், பொண்டாட்டிக்கும் சேர்த்து.

குடமுருட்டி, செவ்வாய் இரவு 9:58

எட்டேகாலுக்குள். வாழ்த்துக்கு முன்னால் எழுந்தால் நான் மேடையிலிருந்தே கூப்பிடுவேன்.

வலந்தலை, செவ்வாய் இரவு 11:40

அரிசிலாறு அக்கா, முக்குறுணின்னா கால் கலம். தெனம் கால் கலம்னா மாசத்துக்கு ஏழரைக் கலம் நெல்லு. குடமுருட்டி அண்ணே, நெல்லாவே குடுக்குறதா இருந்தா சொல்லுங்க, சாக்கும் வண்டியும் நான் கொண்டாறேன்.